கோவை – வால்பாறை – கோவை: கிளப் நண்பர்களோடு சைக்கிளில் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எந்தப் பாதை இது? எவ்வளவு தூரம்?

உக்கடத்தில் கிளம்பி ஈச்சனாரி, ஒத்தக்கால்மண்டபம், கிணத்துக்கடவு வழியாகப் பொள்ளாச்சி. அங்கிருந்து ஆழியாறு. பிறகு 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வால்பாறை. வந்த வழியே திரும்ப வேண்டும். போகவர இருநூறு கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டும். கோவையிலிருந்து பொள்ளாச்சி ஏறக்குறைய 40, அங்கிருந்து ஆழியாறு 24, மேலே வால்பாறை இன்னொரு 40 என்று மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

மலை, காற்று இரண்டும் ஒரே நாளில் கிடைக்கும் பாதை. புதிதாக வருகிறவர்கள் மலையைப் பற்றித்தான் கேட்கிறார்கள். பழகியவர்கள் கேட்பது காற்றைப் பற்றி. கீழே காற்றைப் பற்றி நீளமாக எழுதியிருப்பதற்கு அதுதான் காரணம்.

இது பந்தயமா? நேர வரம்பு உண்டா?

பந்தயம் இல்லை. இந்த மாதிரித் தூரங்களைப் பல கிளப்கள் பிரெவே முறையில், அதாவது குறித்த நேரத்துக்குள் முடித்தால் போதும் என்ற நெடுந்தூர ஓட்டமாக ஓட்டுகின்றன. பி.ஆர்.எம். என்று சொல்வார்கள். உலக அளவில் இதைக் கவனிப்பது பாரிஸில் உள்ள ஆடாக்ஸ் கிளப் பாரிசியன். இந்தியாவில் ஒருங்கிணைப்பது ஆடாக்ஸ் இந்தியா ராண்டனர்ஸ். 200 கிலோமீட்டருக்கு 13 மணி 30 நிமிடம். முதலில் வந்தவருக்கும் கடைசியில் வந்தவருக்கும் ஒரே மரியாதைதான்.

சராசரி மணிக்கு 15 கிலோமீட்டர் என்றதும் "இவ்வளவுதானா" என்று தோன்றும். ஆனால் டீ குடிக்கும் நேரம், பஞ்சர் ஒட்டும் நேரம், சட்னிக்குக் காத்திருக்கும் நேரம் எல்லாம் அதற்குள்தான் அடக்கம். காலை 5 மணிக்குக் கிளம்பினால் பாதித் தூரமான வால்பாறையை நண்பகலுக்குச் சற்று முன்பே தொட்டாக வேண்டும். ஏற்றத்தின் பெரும்பகுதி முதல் பாதியில் இருப்பதால், அந்தக் கணக்கு நினைப்பதைவிட இறுக்கமானது. 8 மணிக்கு ஆழியாறு, பதினொன்றரைக்குள் வால்பாறை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிரெவே இல்லாமல் நண்பர்களாகவே கிளம்பினாலும் இந்த நேரக்கணக்கை வைத்திருப்பது நல்லது. காட்டுப் பகுதியை வெளிச்சத்திலேயே கடந்துவிட அது உதவும்.

எந்த மாதத்தில் போகலாம்?

தை, மாசி எனக்குப் பிடித்தவை. மழை இருக்காது, மேலே குளிர் இதமாக இருக்கும். பங்குனி, சித்திரையில் பொள்ளாச்சிச் சாலையின் தார் கொதிக்கும். ஆனி, ஆடியில் மேலே விடாத மழை, கீழே விடாத காற்று. தமிழ்நாட்டில் மிக அதிகமாக மழை பெய்யும் இடங்களில் ஒன்றான சின்னக்கல்லாறு வால்பாறைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அந்த மாதங்களில் போனால் நனையாமல் வர முடியாது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பதைச் சந்தேகிக்கிறவர்கள் ஒரு மாலை கிணத்துக்கடவில் சைக்கிளை நிறுத்திவிட்டு நின்று பார்க்கலாம்.

காற்று அவ்வளவு பெரிய விஷயமா? எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கும்?

மேற்குத் தொடர்ச்சி மலை தொடர்ந்து நிற்கும் சுவர். வடக்கே நீலகிரிக்கும் தெற்கே ஆனைமலைக்கும் நடுவே முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்கு அது திறந்து கிடக்கிறது. அதுதான் பாலக்காட்டுக் கணவாய். தென்மேற்குப் பருவத்தில் அரபிக்கடல் காற்று அந்த இடைவெளியில் நெருக்கியடித்துக்கொண்டு நுழைகிறது. உடுமலை, பல்லடம் பக்கம் காற்றாலைகள் நிற்பது இதனால்தான். கோவை – பொள்ளாச்சிச் சாலை இந்தக் கணவாயின் வாய்க்குக் குறுக்காக, வடக்கு தெற்காகப் போகிறது. அதாவது, நாற்பது கிலோமீட்டரும் பக்கக் காற்று.

இப்போது முக்கியமான சங்கதி. காலையில் தெற்கே போகும்போது காற்று உங்கள் வலப்பக்கம். அது உங்களைச் சாலை ஓரத்துக்குத் தள்ளும். எரிச்சலாக இருக்கும், ஆனால் ஆபத்து குறைவு. மாலையில் வடக்கே திரும்பும்போது அதே காற்று இடப்பக்கம். இப்போது அது உங்களை லாரியும் பஸ்ஸும் போகும் தடத்துக்குள் தள்ளும். போதாக்குறைக்கு, காலையில் அடங்கியிருக்கும் காற்று வெயில் ஏற ஏற வலுத்துப் பிற்பகலில்தான் உச்சத்துக்கு வரும். கால் ஓய்ந்து, கவனம் சிதறி, 165 கிலோமீட்டர் முடிந்த பிறகு உங்களுக்குக் கிடைப்பது இது. இந்தப் பாதையின் கடினமான பகுதி நாற்பது வளைவுகள் இல்லை. பொள்ளாச்சியிலிருந்து கோவை வரும் கடைசி நாற்பது கிலோமீட்டர்தான்.

மார்கழி, தையில் நிலைமை தலைகீழ். அப்போது கணவாய்க்குள் காற்று கிழக்கிலிருந்து மேற்கே போகும். போகும்போது இடப்பக்கம், வரும்போது வலப்பக்கம். ஆகவே கிளம்பும் முன் "காற்று எவ்வளவு" என்று பார்ப்பதோடு நிறுத்தாமல் "எந்தத் திசை" என்றும் பாருங்கள்.

பொள்ளாச்சி – ஆழியாறு பகுதி வேறு மாதிரி. சாலை சற்றுத் தென்மேற்காகத் திரும்புவதால் பருவக்காற்று வலப்பக்க முகத்தில் அடிக்கும். தென்னந்தோப்புகளும் சாலையோர மரங்களும் ஓரளவு மறைக்கும். திரும்பும்போது அதே காற்று பின்னால் இருந்து தள்ளும். சும்மா மிதித்தாலே 30, 32 என்று காட்டும். நாம் பலசாலி ஆகிவிட்டோம் என்று நம்பிப் பலரும் மிச்சமிருக்கும் தெம்பை இங்கேதான் செலவழித்துவிடுகிறார்கள். பொள்ளாச்சி தாண்டியதும் அந்த நம்பிக்கை போய்விடும்.

பக்கக் காற்று வேகத்தைக் குறைக்குமா? எதிர்க்காற்று மட்டும்தானே குறைக்கும்?

குறைக்கும். நீங்கள் நகர்ந்துகொண்டிருப்பதால், பக்கத்திலிருந்து வரும் காற்று உங்கள் மேல் சாய்வாக முன்னாலிருந்துதான் படும். அதுவும் காற்றே இல்லாத நாளில் முகத்தில் படுவதைவிட வலுவாக. டீப் ரிம் (விளிம்பு ஆழமான) சக்கரம் போட்டிருந்தால் முன்சக்கரம் பாய்மரம் மாதிரி பிடித்து இழுக்கும். ஆடி மாதம் என்றால் அதை வீட்டில் வைத்துவிட்டுச் சாதாரண ரிம்மோடு வாருங்கள். அழகுக்குப் படம் எடுக்க வேறு நாள் பார்த்துக்கொள்ளலாம்.

அப்படியானால் குழுவாக எப்படி வரிசை போடுவது?

எதிர்க்காற்றில் ஒருவர் பின் ஒருவர். சமதளத்தில் 30 கிலோமீட்டர் வேகத்தில் முன்னவரின் பின்னால் நெருங்கிப் போனால் உழைப்பில் கால்வாசிக்கு மேல் மிச்சமாகும். பக்கக் காற்றில் அந்தக் காற்று மறைவு நேர் பின்னால் இருக்காது. காற்றடிக்காத பக்கமாகச் சாய்ந்து கிடக்கும்.

பருவக்காற்று மாதங்களில், காலையில், மறைவு இடப்பக்கம். முன்னவருக்குப் பின்னால் ஓரடி இடது தள்ளி நின்றால் போதும். சாலை ஓரத்து வெள்ளைக் கோட்டுக்கு வெளியே நல்ல அகலம் இருக்கும் இடங்களில் மூன்று நான்கு பேர் சாய்வாக நிற்கலாம். அதற்கு மேல் நின்றால் ஐந்தாவது ஆள் மண்ணில் ஓட்ட வேண்டியதுதான். ஆறேழு பேர் இருந்தால் இரண்டு சிறு குழுவாகப் பிரித்து நடுவே ஐம்பது மீட்டர் விடுங்கள்.

மாலையில் மறைவு வலப்பக்கம். அதாவது போக்குவரத்து ஓடும் பக்கம். அந்த மறைவைத் தேடி யாரும் சாலைக்குள் நகரக் கூடாது. ஒற்றை வரிசை, சக்கரத்துக்குச் சக்கரம் ஒரு சைக்கிள் நீளம் இடைவெளி, கை எப்போதும் ஹேண்டில்பாரில். மறைவு கிடைக்காவிட்டால் போகிறது, இருபத்திரண்டில் போனால் என்ன குறைந்துவிடும்?

முன்னால் இருப்பவர் மாறும்போது காற்றடிக்கும் பக்கமாக விலகிப் பின்னால் வர வேண்டும். காலையில் அது வலப்பக்கம், ஆகவே திரும்பிப் பார்த்துவிட்டுத்தான். மாலையில் இடப்பக்கம், சாலை ஓரம். அந்த ஒரு விஷயத்தில் மாலை சுலபம்.

இன்னொன்று: காலையில் லாரி வலப்பக்கம் தாண்டும்போது காற்று ஒரு நொடி அறுந்துபோகும். காற்றுக்கு எதிராகச் சாய்ந்து ஓட்டிக்கொண்டிருந்த நீங்கள் அந்த நொடியில் லாரியை நோக்கிச் சரிவீர்கள். லாரி சத்தம் கேட்டதும் முழங்கையைத் தளர்த்தி, உடம்பைத் தாழ்த்தி, ஓரமாகத் தயாராக இருங்கள்.

எவ்வளவு நேரம் முன்னால் நின்று காற்றை வாங்கிக் குழுவை இழுக்க வேண்டும்?

இரண்டு, மூன்று நிமிடம். பலமானவர் அதிக நேரம் இழுக்கட்டும், அதிக வேகத்தில் இழுக்க வேண்டாம். தன் முறை வந்ததும் வேகத்தை இரண்டு கிலோமீட்டர் ஏற்றிக் காட்டுகிறவர் எல்லா கிளப்பிலும் ஒருவர் உண்டு. பின்னால் இருப்பவர்கள் அறுந்து போவதுதான் மிச்சம். முடியாதவர் முன்னால் வராமலே இருக்கலாம். "அண்ணா, நான் இன்னிக்குப் பின்னாடியே இருக்கேன்" என்று முதலிலேயே சொல்லிவிட்டால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

என்னென்ன குரல் கொடுக்க வேண்டும்?

"பள்ளம்", "மண்ணு", "ஸ்பீட் பிரேக்கர்", "வண்டி", "நாய்", "ஸ்லோ". முன்னவர் சொன்னதைப் பின்னவர் திரும்பச் சொல்லிக் கடைசி ஆள் வரை போக வேண்டும். காற்றில் குரல் கேட்காது, ஆகவே கையாலும் காட்டுங்கள். ஸ்பீட் பிரேக்கர்களில் பாதிக்கு வெள்ளை பெயின்ட் இருக்காது. உங்கள் முன்சக்கரம் முன்னவரின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் ஒருபோதும் போகக் கூடாது. உரசினால் விழுவது பின்னால் இருப்பவர்தான்.

மலையிலும் சேர்ந்தே ஏற வேண்டுமா?

வேண்டாம். ஏற்றத்தில் 9, 10 கிலோமீட்டர் வேகத்தில் ஒருவர் பின்னால் ஒளிவதால் கிடைக்கும் லாபம் மிகக் கொஞ்சம். அடுத்தவரின் தாளத்தில் ஏறினால் இரண்டு பேருக்கும் நஷ்டம்: மெதுவானவர் மூச்சு வாங்குவார், வேகமானவருக்கு முழங்கால் பிடிக்கும். ஆழியாறு சோதனைச் சாவடி வரை சேர்ந்து வாருங்கள். அங்கே பிரிந்துவிடுங்கள். எங்கே மறுபடி சேர்வது என்பதை மட்டும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ ஒரு இடம்; கீழே ஆழியாறு அணை முழுதாகத் தெரியும், யாரும் நிற்காமல் போக மாட்டார்கள். அடுத்தது அட்டகட்டி. கடைசியாக வால்பாறை ஊருக்குள் ஒரு டீக்கடை. "மேலே பார்க்கலாம்" என்பது ஏற்பாடு இல்லை. மேலே செல்போன் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும்.

கடைசியில் வருபவரோடு ஒருவர் எப்போதும் இருக்க வேண்டும். யார் அந்த ஒருவர் என்பதைக் காலையிலேயே பேர் சொல்லி முடிவு செய்யுங்கள்.

நாற்பது வளைவை நினைத்தாலே பயமாக இருக்கிறது. எந்த கியர் வேண்டும்?

கொல்லிமலையில் 70 வளைவு இருக்கிறது. கல்லட்டியில் 36தான், ஆனால் அங்கே பலர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறுகிறார்கள். எண்ணிக்கைக்கும் கஷ்டத்துக்கும் சம்பந்தமில்லை. வால்பாறை ஏற்றம் நீளமானது, கொடூரமானது இல்லை. முன்னால் 34 பல், பின்னால் 32 பல் இருந்தால் உட்கார்ந்தபடியே ஏறலாம். மலைக்குப் புதியவர் என்றால் பின்னால் 34 போடுங்கள்.

ஒரு சின்ன நுணுக்கம். நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம். வலது திரும்பும் வளைவில் நம் தடம் வெளிவட்டம். சரிவு குறைவாக இருக்கும், அங்கே மூச்சு விடலாம். இடது திரும்பும் வளைவில் நம் தடம் உள்வட்டம். சில மீட்டருக்குச் சுவர் மாதிரி நிமிரும். இடது வளைவு வருவதற்கு முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். வளைவுக்குள் போய் மாற்றினால் செயின் கழன்றுவிடலாம். மேலிருந்து பஸ் இறங்கும் சத்தம் கேட்டால் வளைவுக்கு வெளியே நின்று வழிவிடுங்கள். சட்டப்படி மேலே ஏறுபவருக்குத்தான் முன்னுரிமை. ஆனால் அந்த பஸ்ஸுக்கு முழு வளைவும் தேவை.

வால்பாறைக்கு முன் கவர்கல் பக்கம் பனிமூட்டம் வரலாம். பகலாக இருந்தாலும் முன்னும் பின்னும் விளக்கு எரியட்டும்.

எடை குறைந்த சைக்கிள் வாங்கினால் சீக்கிரம் ஏறலாமா?

ஆளும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ என்றால், ஒரு கிலோ குறைத்தால் ஏறும் நேரத்தில் நூற்றுக்கு ஒரு பங்கு சொச்சம் மிச்சம். மூன்று மணி நேர ஏற்றத்தில் இரண்டு நிமிடம். ஐம்பதாயிரம் ரூபாய்க்கு இரண்டு நிமிடம் வாங்குவதா வேண்டாமா என்பது உங்கள் குடும்ப விஷயம்.

என்ன சாப்பிடுவது, எப்போது?

பசிப்பதற்கு முன். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். ஒரு வாழைப்பழத்தில் ஏறக்குறைய 25 கிராம். பொள்ளாச்சியில் இட்லி, ஆனால் பொங்கலும் வடையும் வேண்டாம். ஏற்றத்தில் அந்த நெய் வேலையைக் காட்டும். சட்டைப்பையில் கடலைமிட்டாய், பேரீச்சம்பழம். வால்பாறையில் தயிர் சாதமோ எலுமிச்சை சாதமோ அளவாக. பிரியாணி சாப்பிட்டுவிட்டு இறக்கத்தில் தூங்கி வழிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தண்ணீர் மணிக்கு அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர். வெறும் தண்ணீராகவே நாள் முழுக்கக் குடிக்காதீர்கள், உடம்பில் உப்பு நீர்த்துப்போகும். ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் கரையுங்கள். அரை பாட்டிலில் முழுப் பாக்கெட்டைப் போட்டால் குமட்டும். திரும்பும்போது பொள்ளாச்சி இளநீர் இருக்கவே இருக்கிறது, நீர்மோரும் கிடைக்கும். ஆழியாற்றிலேயே இரண்டு பாட்டிலையும் நிரப்பிக்கொள்ளுங்கள். அடுத்து நிரப்ப இடம் கிடைக்க நேரமாகும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் கொண்டு போகாதீர்கள், காட்டுக்குள் போகிறீர்கள்.

இறக்கத்தில் என்ன கவனிக்க வேண்டும்?

குளிர் முதலில். ஏறும்போது நனைந்த பனியன் இறங்கும்போது ஐஸாகிவிடும். மெல்லிய காற்றுத் தடுப்பு ஜாக்கெட் ஒன்று போதும். இல்லாவிட்டால் வால்பாறையில் ஒரு தினசரி வாங்கி நெஞ்சுப் பக்கம் சட்டைக்குள் செருகிக்கொள்ளுங்கள். படித்த பேப்பரும் ஆச்சு.

பிரேக்கை வளைவுக்கு முன்பே பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் விட்டுவிடுங்கள். விடாமல் லேசாகப் பிடித்துக்கொண்டே வந்தால் ரிம் சூடேறும். டியூப் வெடிக்கவும் வாய்ப்பு உண்டு. பிடித்து, விட்டு, பிடித்து இறங்குங்கள். தேயிலைத் தோட்ட லாரிகள் இழுத்துவந்த மண்ணும் ஈர இலையும் வளைவின் ஓரத்தில் கிடக்கும். ஆளுக்கு ஆள் முப்பது மீட்டர் இடைவெளி. இறக்கத்தில் முந்துவது, படம் எடுப்பது, பின்னால் திரும்பிப் பேசுவது எதுவும் வேண்டாம்.

யானை வருமா?

ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்குள் போகும் சாலை. யானை, சிறுத்தை, காட்டுமாடு எல்லாம் உண்டு. யானையைப் பார்த்தால் நின்றுவிடுங்கள். தாண்டிப் போய்விடலாம் என்று நினைக்காதீர்கள். சத்தம் வேண்டாம், செல்போன் ஃபிளாஷ் வேண்டாம். ஒரு பஸ்ஸோ காரோ வரும் வரை பின்னால் தள்ளி நின்று, அதன் மறைவில் போங்கள். காட்டுச் சாலையில் இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. விதிகள் அவ்வப்போது மாறும், முந்தைய வாரமே சோதனைச் சாவடியில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

நடைமுறையில் உங்களுக்குத் தொல்லை தரப்போவது குரங்குதான். குரங்கு அருவிப் பக்கம் வாழைப்பழத்தை வெளியே தெரியும்படி வைத்திருந்தால் அது உங்களுடையது இல்லை. லோம்ஸ் வியூ பக்கம் வரையாடுகளும், வால்பாறைக்குச் சற்று முன் புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்குகளும் சாலைக்கே வரும். எதற்கும் தீனி போடாதீர்கள்.

என்ன உபகரணம் எடுக்க வேண்டும்?

ஆளுக்கு இரண்டு டியூப், டயர் லீவர், பஞ்சர் பேட்ச். குழுவுக்கு ஒரு நல்ல பம்பும், செயின் கட்டரும். தலைக்கவசம் கட்டாயம், பிரதிபலிப்பு மேலங்கியும் விளக்கும் கடைசி மணி நேரத்துக்குத் தேவைப்படும். பஞ்சர் ஆனால் குழு முழுவதும் நிற்கத் தேவையில்லை. ஒருவர் துணைக்கு நிற்கட்டும், மற்றவர்கள் மெதுவாகப் போகட்டும். ஆனால் பொள்ளாச்சி – கோவைக் காற்றில் மட்டும் எல்லோரும் நில்லுங்கள். தனியாக விடப்பட்டவர் அங்கே மறுபடி குழுவை எட்டவே முடியாது.

பயிற்சிக்கு மலை இல்லை, காற்றும் இல்லை. என்ன செய்வது?

கோவைக்காரர்கள் இப்படிச் சொல்லக் கூடாது. மருதமலைக்குப் போகும் சாலையில் நாலைந்து தடவை ஏறி இறங்குங்கள். ஆனைகட்டிச் சாலை இன்னும் நீளமான ஏற்றத்துக்கு உதவும். காற்றுக்கு, மாலை நான்கு மணிக்குக் கிணத்துக்கடவு வரை போய் வாருங்கள். வரிசை போடுவதையும் ஆள் மாறுவதையும் அங்கே பழகுங்கள். வெளியூர்க்காரர் என்றால் சமதளத்தில் கனமான கியரில் மெதுவாக, உட்கார்ந்தபடி இருபது நிமிடம் மிதித்துப் பழகினால் ஏற்றத்துக்கு ஓரளவு கைகொடுக்கும். நூற்றைம்பது கிலோமீட்டர் ஒருமுறையாவது ஓட்டிப் பார்க்காமல் இதற்கு வராதீர்கள்.

இது முடித்தால் அடுத்து என்ன?

300, 400, 600. 200ஐயும் சேர்த்து இந்த நான்கையும் ஒரே பருவத்தில் முடித்தவர்களை சூப்பர் ராண்டனர் என்பார்கள். 1891இல் தொடங்கிய பாரிஸ் – பிரெஸ்ட் – பாரிஸ், ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர், 90 மணி நேரத்துக்குள், நான்கு வருடத்துக்கு ஒருமுறை. அதற்குப் போக இந்தத் தொடர் தேவை. அடுத்தது 2027.

பொள்ளாச்சியில் முடியாமல் போய்விட்டால் திரும்ப வழி இருக்கிறதா?

இருக்கிறது. வெட்கப்படவும் வேண்டாம். மயக்கம், வாந்தி, கை நடுக்கம் இருந்தால் அந்தக் காற்றில் லாரிகளுக்குப் பக்கத்தில் ஓட்டுவது வீரம் இல்லை. பஸ்ஸில் சைக்கிளை ஏற்ற நடத்துநரின் மனம் இளக வேண்டும். கூட்டம் குறைவாக இருந்தால் இளகும். ரயில் என்றால் நேரம் பார்க்க வேண்டும். சுலபமானது குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி. நாலைந்து சைக்கிள், நாலைந்து பேருக்குப் பேரம் பேசினால் பங்கு அதிகம் வராது. ஓட்டுநர் எண் ஒன்றைக் கிளம்பும் முன்பே வாங்கி, குழுவில் இரண்டு பேர் செல்போனிலாவது போட்டு வைத்துவிடுங்கள்.